புரட்டிப் போட்ட அச்சு

ஏறாவூர் உசனாரிடம் குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு, அவருடைய வாய். மற்றபடி ஆள் தங்கம். தொழுகை தவறமாட்டார், அயலவனுடைய வேலையைத் தன் வேலையாக நினைப்பார், கேட்டவருக்கு ஏலாது என்று சொல்லமாட்டார். அந்த ஏலாது என்று சொல்லாத குணத்தில்தான் எல்லா வினையும் இருந்தது. 'இது முடியுமா காக்கா?' என்று யாராவது அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டால் போதும், கேள்வி முடிவதற்குள் "அதுக்கென்ன, செய்யலாம்!" என்று பதில் வந்து விழும். எப்படிச் செய்வது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வரும். சிலவேளை அதுவும் வராது.

பதினாறு வயதில் மாட்டு வண்டிலில் ஏறியவர். சித்தாண்டியிலிருந்து நெல், தன்னாமுனையிலிருந்து தேங்காய், மட்டக்களப்பிலிருந்து உப்பும் புடவையும் என்று இருபது வருஷம் மாட்டின் வாலைப் பார்த்தபடியே போயிற்று. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு மாட்டு நோய் வந்து இரண்டு சோடி மாட்டையும் ஒரே கிழமையில், ஏழே நாளில், கொண்டுபோய்விட்டது. மனுஷன் நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்தார். ஐந்தாம் நாள் எழுந்து எங்கேயோ போனவர், ஒரு தோட்டத் துரை கைவிட்ட பழைய காரை, மைத்துனன் மஜீட்டின் மாடுகளைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருடைய பெண்சாதி ஹவ்வா உம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"மாடு இல்லாம ஓடுற காரைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கன். மாடு இழுக்கிற காரை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாள்.

உசனார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரின் பின்பாதியை அறுத்து எறிந்துவிட்டுப் பலகைத் தட்டு அடித்தார். இஞ்சினை மூன்று முறை கழற்றி மூன்று முறை பூட்டினார். மூன்றாம் முறை இரண்டு நட்டு கையில் மிஞ்சியது, ஆனால் அது இல்லாமலே இஞ்சின் ஓடியது. தன் பழைய வண்டிலின் ஏர்க்காலைக் குறைத்து ஒரு கொளுக்கி வைத்துக் காருக்குப் பின்னால் மாட்டினார். காருமில்லை, லொறியுமில்லை என்பதால் ஊரார் அதற்கு அரை லொறி என்று பெயர் வைத்தார்கள். தார் ரோட்டில் அது பறக்கும். தேங்காய் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்ப் பகல் சோற்றுக்கு வீட்டில் நிற்பார் உசனார். அந்தப் பெருமையில் வாய் இன்னும் கொஞ்சம் நீண்டது.

அப்படி நீண்ட வாய்தான் சீதேவிப்பிள்ளையை மாட்டிவிட்டது.

சீதேவிப்பிள்ளை சித்தாண்டிக்காரி. வயது முப்பதுகூட இல்லை. புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். அவன் வினாயகமூர்த்திப் போடியாரின் வயலைக் குத்தகைக்குச் செய்தவன். போடியார் என்றால் நூறு ஏக்கர் காணிக்குச் சொந்தக்காரர். ஊரில் அவர் சொல் எடுபடும். கணவன் போனதும் வேளாண்மையை வேறு ஆளிடம் கொடுக்கப் பார்த்தார். சீதேவிப்பிள்ளை நேரே போய் நின்று, நானே செய்கிறேன் என்றாள். போடியார் சிரித்தார். பெண்கள் களவெட்டிக்குள், அதாவது சூடடிக்கிற களத்துக்குள், கால் வைப்பதில்லை என்பது அந்தப் பகுதி வழக்கம். களத்துக்குள் போகாதவள் எப்படிக் களம் காண்பாள்?

"ஒரு போகம் செய்து பார். நெல்லு முழுக்க ஊருக்குள்ள வந்து இறங்கட்டும். மறுகா யோசிப்பம்" என்றார்.

செய்துகாட்டினாள். வரம்பில் நின்றே ஆட்களை ஏவி விதைத்தாள், காவல் போட்டாள், வெட்டினாள். களவெட்டி ஓரத்து மருத மரத்தடியில் நின்றே சூடும் அடிப்பித்தாள். முப்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம் ஐம்பத்துநாலு மூட்டை நெல் களத்தில் அடுக்கிக் கிடந்தது. இனி அது ஊருக்கு வரவேண்டியது மட்டும்தான் பாக்கி. மூன்று வண்டில்காரரோடு பேசி வைத்திருந்தாள்.

அந்த வேளையில்தான் உசனார் சித்தாண்டிக் கடைத்தெருவில் அவளைக் கண்டார். "மூணு வண்டில் என்னத்துக்கு தங்கச்சி? மூணு நாள் இழுத்தடிப்பானுகள். நான் ஒரே நாளில கொண்டந்து இறக்கிறன். அவனுகளப் போகச் சொல்லுங்க."

"மணல் வழி காக்கா. உங்கட லொறிக்கு ஏலுமா?"

"அதுக்கென்ன!"

அவள் நம்பினாள். வண்டில்காரரைப் போகச் சொன்னாள். அவர்கள் வேறு வட்டைக்கு, வேறொரு வயல்வெளிக்கு, வாக்குக் கொடுத்துப் போனார்கள். இனி ஒரு கிழமைக்குத் திரும்பமாட்டார்கள்.

சீதேவிப்பிள்ளையின் வயல் இருந்த வட்டை சித்தாண்டிக்கு மேற்கே இருக்கிறது. ஊரிலிருந்து ஆற்றில் இறங்கிக் கடக்கும் கடவைக்கு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம், கடவையிலிருந்து களவெட்டிக்கு இரண்டு கட்டை. ஆற்றில் அப்போது கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் இரண்டு பக்கமும் கால் புதையும் மணல், மணல் முடிந்ததும் ஆளுயரக் கரை. திங்கட்கிழமை உசனார் பதினெட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். களவெட்டியை விட்டு நூறு முழம் வருவதற்குள் இஞ்சின் இருமியது. முதலாம் கியரில் போட்டு மிதித்தார், நின்றுவிட்டது. பின்வண்டிலைக் கழற்றிவிட்டார், தட்டில் நாலு மூட்டையை மட்டும் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கடவைவரை வந்தார். கரை ஏற்றத்தில் சக்கரச் சில்லு மணலில் உட்கார்ந்தது. கிளச்சு புகைந்து மணத்தது. அந்த நாலு மூட்டையையும் காவல் உள்ள களவெட்டிக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெறும் லொறியோடு கரை ஏறவேண்டி வந்தது.

சீதேவிப்பிள்ளை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் உசனாருக்குச் சுகமாக இருந்திருக்கும். "மேற்கால மலைப்பக்கம் மழை இறங்குதாம் காக்கா. ஆறு வந்தா நெல்லு அங்கேயே முளைச்சிடும்" என்று மட்டும் சொன்னாள். மஜீட்டின் ஒற்றை வண்டில் என்றால் ஒன்பது நாள் பிடிக்கும், தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள் கிடையாது. எல்லார் நெல்லும் அந்தக் கிழமைதான் வீட்டுக்குப் போகிறது. தன் வாயால் ஒரு பெண்ணின் பிழைப்பு கெடப்போகிறதே என்று உசனார் வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து லொறிக்குக் கீழே படுத்தார். பின்சில்லு இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, சோக்கட்டியால் அடையாளம் போட்டு, மஜீட்டைக்கொண்டு இரண்டையும் ஒன்றாகச் சுழற்றுவித்துப் பார்த்தார். சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, இஞ்சினிலிருந்து வருகிற தண்டு நாலு சுற்றுச் சுற்றியது. அங்கேதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது.

"இஞ்சாருங்க, சோறு ஆறுது" என்று கூப்பிட வந்த ஹவ்வா உம்மாவை அங்கேயே உட்காரவைத்து விளங்கப்படுத்தினார்.

"இது கார் அச்சு. ஓட்ட மாடு மாதிரி எட்டி எட்டி அடி வைக்கும். வெறும் ரோட்டில அது நல்லம். மணலில பாரத்தோட எட்டி வைச்சா முழங்கால் மடியும். நமக்கு வேணும் உழவெருமை. சின்ன அடி, ஆனா நிக்காத அடி. இதைவிடப் பெரிய பல்லுச்சில்லும் சின்னப் பல்லுச்சில்லும் உள்ள அச்சா இருந்தா, தண்டு ஆறு சுத்துச் சுத்தினாத்தான் சில்லு ஒண்டு சுத்தும். வேகம் குறையும், இழுவை கூடும்."

"வேகம் குறைஞ்சா உங்கட வாயும் கொஞ்சம் குறையுமா?"

"அது வேற அச்சு புள்ள."

அப்படிப்பட்ட அச்சு எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியும். தன்னாமுனை வல்லிபுரத்திடம் அதே கொம்பனி செய்த சின்ன லொறி ஒன்று இருந்தது. மதகில் மோதி மூக்குடைந்து, இரண்டு வருஷமாகத் தென்னந்தோப்பில் கிடந்தது. வல்லிபுரம் பிடிவாதக்காரர். இன்றைக்கு ஓட்டுவேன், நாளைக்கு ஓட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு அதிலிருந்து ஒரு ஆணிகூட யாருக்கும் கொடுக்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை உசனார் போய் நின்றார். அச்சுக்கு அச்சு மாற்றிக்கொள்வோம் என்றார்.

"என்ட அச்சு பறக்கும் அண்ணன். உங்கட லொறி எழும்புற நாளில திருகோணமலைக்கே பறக்கலாம்."

"எழும்பாத லொறிக்குப் பறக்கிற அச்சா?" என்று கேட்ட வல்லிபுரம், தன் லொறியின் உடைந்த மூக்கைத் தடவினார். "ஆருக்கு அந்த நெல்லு?"

உசனார் மறைக்காமல் சொன்னார். தன் வாய்ப் பெருமையையும் சேர்த்தே சொன்னார். வல்லிபுரம் உள்ளே போய்த் நட்டுக் கழற்றும் தன் சாவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். "வா, கழட்டுவம். பொம்புளப்புள்ளயச் சந்தியில விட்டுட்டு நிக்கிறாய், மடையா."

அச்சை மஜீட்டின் வண்டிலில் ஏற்றி ஏறாவூருக்குக் கொண்டுவந்தார்கள். புதன்கிழமை முழுக்க அதைப் பூட்டுகிற வேலை. பழையதைக் கழற்றித் தன்னாமுனைக்கு அனுப்பியாயிற்று. புதிய அச்சின் கீழ்ப்பக்கம் இரண்டு வருஷம் ஈரத்தில் கிடந்து கறள் பிடித்துப்போயிருந்தது. மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. இங்கேதான் உசனார், இருபது வருஷம் மாட்டு வண்டில் ஓட்டிய எவனும் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தார். வண்டில் அச்சு பாரம் தாங்கித் தாங்கிக் கீழ்ப்பக்கம்தான் தேயும். தேய்ந்தால் வண்டில்காரன் அச்சைப் புரட்டிப் போடுவான். மேல் கீழாகும், கீழ் மேலாகும், இன்னும் ஐந்து வருஷம் ஓடும். அதற்கு யோசனையே வேண்டாம், கை தன்பாட்டில் செய்யும். உசனாரின் கையும் தன்பாட்டில் செய்தது. நல்ல பக்கம் கீழே வரும்படி அச்சைப் புரட்டிப் பூட்டிவிட்டார்.

எண்ணெய் விடுகிற துவாரம் கீழே பார்த்தபடி இருந்தது. "லொறிக்காரன் இப்பிடித்தான் வைச்சிருப்பான் போல" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிரேக் கம்பி பொருந்தவில்லை, அதையும் வளைத்துப் பொருத்தினார். ஒரு மனிதனுக்கு இதைவிட எத்தனை தரம் தட்டிச் சொல்வது!

வியாழக்கிழமை காலை தெருவே கூடிவிட்டது. உசனார் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினார், முதலாம் கியரைப் போட்டார், கிளச்சை விட்டார். லொறி அழகாகப் பின்னுக்குப் போய் ஹவ்வா உம்மாவின் வேலியைத் தள்ளிக்கொண்டு முருங்கையில் முட்டி நின்றது.

"கியரை மாத்திப் போட்டுட்டன்" என்றார் உசனார். இரண்டாம் கியர் போட்டார். முருங்கை முறிந்தது.

சந்தேகத்தோடு பின் கியரைப் போட்டார். லொறி மெல்ல, நிதானமாக, மகா கம்பீரமாக முன்னுக்கு வந்தது.

தெரு சிரித்த சிரிப்பு வாவிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். மஜீட் மண்ணில் உட்கார்ந்தே விட்டான். உசனார் இறங்கி, கீழே குனிந்து, அந்த எண்ணெய்த் துவாரத்தைப் பார்த்தார். அச்சைப் புரட்டினால் உள்ளே இருக்கிற பெரிய பல்லுச்சில்லும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போய்விடும். தண்டு அதே பக்கமாகத்தான் சுற்றும், ரோட்டுச் சில்லு மறுபக்கமாகச் சுற்றும். வண்டில் அச்சுக்கு மேல் கீழ் இல்லை. லொறி அச்சுக்கு உண்டு.

திரும்பக் கழற்றிப் பூட்ட இன்னும் அரை நாள் வேண்டும். மேற்கே வானம் கத்தரிப்பூ நிறத்தில் கறுத்துக்கொண்டு வந்தது.

"யா அல்லாஹ், இனி என்ன செய்யிற?" என்று அவர் தலையில் கை வைத்தார். ஹவ்வா உம்மாதான் முறிந்த முருங்கைக் கொப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "முன்னுக்கு ஒரு கியர் போகுதுதானே? அது இழுக்காதா?"

உசனார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பின் கியர். எல்லாக் கியரிலும் அதுதான் சின்ன அடி. அதுவும் இப்போது லொறி அச்சில். உழவெருமையிலும் பெரிய எருமை!

"ஏறு மச்சான்!" என்றார்.

அன்றைக்கு ஏறாவூரிலிருந்து சித்தாண்டிவரை ரோட்டோரத்தில் நின்றவர்கள் சாகும்வரை அதைப் பேசினார்கள். முன்னுக்கு நடை வேகத்தில்தான் போகலாம், பின்னுக்கானால் மூன்று கியர் உண்டு. ஆகவே அரை லொறி ஆறு கட்டை தூரமும் வாலை முன்னே நீட்டிக்கொண்டு ஓடியது. மஜீட் பலகைத் தட்டில் நின்று, மாட்டை ஏவுகிறவன்போல "இடம்! இடம்! ஹா, வலம்!" என்று கத்தினான். உசனார் கதவால் தலையை வெளியே நீட்டிக் கழுத்தைத் திருப்பியபடி வந்தார். செங்கலடிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

"எங்க பின்னுக்குப் போறாய்?"

"பின்னுக்கு இல்ல ஐயா, சித்தாண்டிக்கு!" என்று கத்திக்கொண்டே கடந்து போனார் உசனார். நிற்பாட்டினால் மறுபடி எடுப்பது கஷ்டம்.

களவெட்டி ஓரத்தில் மருத மரத்தடியில் நின்ற சீதேவிப்பிள்ளை, தூசி கிளப்பிக்கொண்டு வாலால் வருகிற லொறியைக் கண்டு திகைத்துப்போனாள்.

"காக்கா, வாறீங்களா போறீங்களா?"

"வாறன் தங்கச்சி, வாறன்!"

இறங்கியதும் உசனார் உள்ளதைச் சொன்னார். அச்சைப் புரட்டிப் போட்டுவிட்டேன், பிழை என்னுடையது, முன்னுக்கு ஒரே ஒரு கியர்தான் என்றார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இழுக்குமா?"

அதுக்கென்ன என்ற வார்த்தை உசனாரின் நாக்கு நுனிவரை வந்தது. அதைக் கடித்து விழுங்கினார். வாழ்நாளில் முதல் முறை.

"தெரியா தங்கச்சி. இழுத்துப் பாப்பம்" என்றார்.

தட்டில் ஆறு மூட்டை, திங்கட்கிழமை தொடக்கம் அங்கேயே கிடந்த பின்வண்டிலில் பன்னிரண்டு. பின் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல மெல்ல விட்டார். கொளுக்கி இறுகியது. இஞ்சின் ஊளையிட்டது. லொறி நகர்ந்தது. ஒரு ஆள் பேசிக்கொண்டு கூடவே நடக்கலாம், அவ்வளவு மெதுவாக நகர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. மணலில் நிற்கவில்லை, ஆற்றில் நிற்கவில்லை. கரை ஏற்றத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து ஏறியது. மேலே ஏறி நின்றதும் மஜீட் கூத்தாடினான். உசனார் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அல்ஹம்துலில்லாஹ் என்றார். கொதித்துக் கிடந்த ரேடியேட்டருக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள்.

மூட்டைகளைச் சீதேவிப்பிள்ளையின் வீட்டு வளவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் இன்னொரு புதினம் தெரிந்தது. அந்த ஒடுங்கிய வயல் வழியில் லொறியையும் வண்டிலையும் திருப்புவது என்றால் அரை மணித்தியாலம் போகும். இப்போது திருப்பவே தேவையில்லை. வெறும் வண்டிலை லொறியின் மூக்கில் கட்டிக்கொண்டு, வாலால் ஓட்டமாக ஓடிப் போனார்கள். பாரம் ஏற்றியதும் வண்டிலை வாலில் மாட்டி, மூக்கால் நடந்து வந்தார்கள்.

இரண்டாம் நடை வரும்போது ஆற்றுத் தண்ணீர் கலங்கியிருந்தது. மூன்றாம் நடைக்கு முழங்காலைத் தாண்டிவிட்டது, செம்மண் நிறம், சுள்ளியும் சருகும் சுழன்று வந்தன. கடைசிப் பதினெட்டு மூட்டையோடு கடவையில் இறங்கியபோது மழையும் பிடித்துக்கொண்டது. கரை ஏற்றத்தில் பாதி ஏறி, பின்சில்லு வழுக்கியது. ஒரு சாண் பின்னுக்கு வந்தது. மஜீட்டும் களத்து ஆட்கள் இருவரும் வண்டிலுக்குத் தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நடுவே சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சீதேவிப்பிள்ளையும் தொடையளவு தண்ணீரில் நின்று தள்ளினாள். சில்லு ஒரு வேரைப் பிடித்தது. பிடித்ததை விடவில்லை. ஏறிவிட்டது.

திரும்பிப் பார்த்தபோது கடவை இருந்த இடத்தில் ஆறு மட்டும்தான் இருந்தது.

இரவு முழுக்க மழை. உசனாரும் மஜீட்டும் ஊரில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும், ஜும்ஆவுக்குள் ஏறாவூர் போகவேண்டும் என்று, சீதேவிப்பிள்ளையின் வளவிலேயே லொறிக்குக் கீழே படுத்து அச்சை நேராகப் புரட்டத் தொடங்கினார் உசனார்.

அப்போதுதான் போடியார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். உசனாருக்கு அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது. செருப்பு, கூரைக்கீழ் அடுக்கிய மூட்டைகளுக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்தது. எண்ணுகிறார் என்று விளங்கியது. உசனார் சாவியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"ஐம்பத்துநாலும் வந்திட்டுது போல" என்றார் போடியார். "பக்கத்து வயல்காரன்ட நெல்லுச் சூடு ஆத்தோட போயிட்டுது. சரி புள்ள, சொன்ன சொல்லு சொல்லுதான். வாற வட்டைக் கூட்டத்தில, ஆர் ஆர் எந்தக் காணி செய்யிற எண்டு பேர் சொல்லக்குள்ள, உன்ட குடும்பத்துக்கே காணியச் சொல்லுறன். ஆரிட பேரைச் சொல்லுற? உன்ட தம்பிட பேரைச் சொல்லட்டா?"

வீட்டுக்குள்ளிருந்து இரண்டு வெறுங்கால்கள் வெளியே வந்தன. விரல் இடுக்கில் ஆற்றுச் சேறு இன்னும் போகாத கால்கள். செருப்புக்கு நேர் எதிரே வந்து நின்றன.

"என்ட பேரைச் சொல்லுங்க போடியார். சீதேவிப்பிள்ளை எண்டு சொல்லுங்க."

செருப்பு அசையவில்லை.

"சரி" என்றார் போடியார். "சீதேவிப்பிள்ளை."

அச்சிலிருந்து வழிந்த எண்ணெய் முகத்தில் சொட்டிக்கொண்டிருக்க, உசனார் அங்கேயே மல்லாந்து கிடந்து வாய்விட்டு அழுதார்.